வண்டிக்கு அடியில் துரு: குமரிக் கடலோரத்துக்கு, அறிகுறி பார்த்துச் செய்யவேண்டியது

குளச்சலுக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில் 22 வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழை ஓய்ந்து ஆவணி பிறந்ததும் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒருவர் பிரேக் என்பார், ஒருவர் சத்தம் என்பார், ஒருவர் உள்ளே வாடை என்பார். தூக்கிப் பார்த்தால் பாதி வண்டிகளில் காரணம் ஒன்றேதான்: அடியில் தங்கிய உப்பு. விளவங்கோட்டுப் பக்கத்தில் துருவைத் துரும்பு என்பார்கள். கவனிக்காமல் விட்ட தகடு கடைசியில் துரும்பு துரும்பாகத்தான் உதிரும்.

வண்டியின் அடிப்பூச்சு பற்றி நம் ஆட்கள் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் பனி நாடுகளுக்கானவை. அங்கே ரோட்டில் உறைந்த பனியை இளக்க உப்பைக் கொட்டுவார்கள். டயர் அதை அள்ளி அடியில் அடிக்கும். குளிர்காலம் போனால் உப்பும் போகும். நம் ரோட்டில் யாரும் உப்புப் போடுவதில்லை, நமக்கு அது காற்றில் வருகிறது. முட்டம் பாறையில் அலை உடைந்து கிளம்பும் நீர்ப்பொடியை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நேராக ஊருக்குள் தள்ளும். கள்ளக்கடல் ஏறுகிற நாளில், அதாவது உள்ளூரில் காற்றே இல்லாமல் கடல் திடீரெனப் பொங்குகிற நாளில், கரையோரச் சாலையிலேயே கடல் தண்ணீர் நிற்கும். இதோடு மீன் வண்டியிலிருந்து வழிகிற ஐஸ் தண்ணீரும் சேரும். குளிரில் துரு மெதுவாக நடக்கும், வெக்கையில் வேகமாக நடக்கும். அதனால் அந்த நாட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுத்தமான சோற்றுப்பு, காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசியும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். நம் கரையில் நட்டநடு வெயிலில்கூட அதைவிட ஈரம் இருக்கும். ஆகவே கடலுப்பு ஒட்டிய தகடு கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நனைந்தே கிடக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சை அடித்தாலும் ஈரத்தை மூடி போட்டு வைப்பது போலத்தான். முதலில் உப்பை இறக்குங்கள், பிறகு பூச்சை ஏற்றுங்கள். கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகவேண்டாம். ஸ்டாண்டு வைத்து, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும்.

“அடியில செவப்பா பொடி பூத்திருக்கு”

பயப்பட வேண்டாம். லோயர் ஆர்ம், ஆக்சில், போல்ட் தலை போன்ற கனமான இரும்பில் மேலாகப் பூக்கும் துரு இது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். “டங்” என்று கணீரென்று கேட்டால் இரும்பு நன்றாக இருக்கிறது. நன்றாகக் கழுவிக் காயவைத்து, வயர் பிரஷ் போட்டு, மெழுகு வகை ஸ்ப்ரே ஒரு கை அடித்தால் போதும். மழையில் நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க் காலையில் செம்மஞ்சளாக இருப்பதும் இப்படித்தான். நாலு தடவை பிரேக் மிதித்தால் போய்விடும். டிஸ்கில் எந்த ஸ்ப்ரேயும் அடிக்கக்கூடாது.

அதே பொடி தரைத்தகட்டின் மடிப்பில், இரண்டு தகடு சேர்த்து வெல்டு வைத்த இடத்தில் தெரிந்தால் அப்படி விடமுடியாது. அந்த இடுக்கில் தண்ணீர் தானாக உறிஞ்சி ஏறும், இறங்காது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் இரண்டு தகட்டையும் உள்ளிருந்து பிளக்கும். கோடு போலத் தெரிகிறபோதே அதைச் சுத்தம் செய்து சீலன்ட் கொடுங்கள்.

“கருப்புக் கோட்டிங் அங்கங்க உப்பிக் கெடக்கு”

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற அறிகுறி இது. காசு செலவழித்துப் பாதுகாப்புச் செய்தவருடைய வண்டியில்தான் இது வரும்.

பட்டறை தொடங்கிய காலத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு ஆசிரியர் வேன் கொண்டுவந்தார். ஆனி மாதம், விடாத மழை. அவருக்கு அவசரம். மேலாகத் தண்ணீர் அடித்து, ஃபேன் வைத்துக் காயவைத்து, தார் வகைக் கோட்டிங்கைக் கனமாக அடித்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அதே வேனின் அடியைச் சுரண்டியபோது கோட்டிங் தோலாக உரிந்து வந்தது. அதன் பின்னால் தகடு அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. கோட்டிங்கே இல்லாமல் விட்டிருந்தால் அந்தத் தகடு இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். கெட்டியாகிற பூச்சில் கல் பட்டு ஒரு கீறல் விழுந்தால் போதும். உப்புத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே போகும், வெளியே வர வழி கிடையாது. மேலே பார்த்தால் கருப்பாக அழகாகவே இருக்கும்.

உப்பலை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ, தட்டும்போது “பொத்” என்று கேட்டாலோ, அதன்மேல் இன்னொரு கோட்டிங் அடிப்பது கூடவே கூடாது. உப்பிய இடத்தையும், அதைச் சுற்றி நான்கு விரல் அகலத்தையும், கோட்டிங் இரும்பை விடாமல் பிடித்திருக்கிற எல்லை வரும்வரை சுரண்டி எடுங்கள். செதிலாக நிற்கிற துரு முழுவதும் போகவேண்டும். வயர் பிரஷ், பிறகு உப்புத்தாள். இதற்கு அடுத்த படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். சுரண்டியபின் கழுவுவதுதான் கணக்கு. துருவின் குழிக்குள் இருக்கும் உப்பு அப்போதுதான் வெளியே வரும். கழுவிய இடம் காய்ந்து ஓர் இரவு கழித்துப் புதிதாக இளஞ்சிவப்பு பூத்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தேய்த்து மறுபடி கழுவுங்கள். இந்த ஓரிரவுச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

காய்ந்தபின் ரஸ்ட் கன்வர்ட்டர். இதில் பாஸ்பாரிக் அமிலம், டானிக் அமிலம் என்று வகை உண்டு. கடுக்காய்த் தண்ணீர் பட்ட இரும்பு கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டானிக் வகையில் நடப்பதும் அதே வேலைதான், ஒட்டியிருக்கும் மெல்லிய துருவைக் கருப்பாக, அசையாததாக மாற்றும். தடித்த துருவை அது ஊடுருவாது, உப்பை நீக்காது. இதை மந்திரத் திரவம் போல நினைத்து அழுக்கின்மேல் ஊற்றுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கன்வர்ட்டர் முழுவதும் காய்ந்தபின் எபாக்சி பிரைமர் இரண்டு கை, அதன்மேல் மேல்பூச்சு. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்தாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும்.

கல் தெறிக்கிற இடங்களில், சக்கர வளைவுக்குள் என்றால், ரப்பர் வகைக் கோட்டிங் சரி. மற்ற இடங்களுக்கு நான் இப்போது மெழுகு வகை அல்லது ஆட்டுரோமக் கொழுப்பான லானோலின் வகையையே சொல்கிறேன். அவை முழுதாகக் கெட்டியாவதில்லை. கீறல் விழுந்தாலும் ஓரம் தூக்கி நீரைப் பிடித்து வைக்காது. வருடத்துக்கு ஒருமுறை கை போடவேண்டும் என்பதுதான் அதன் குறை. தை, மாசி மாதங்களில் செய்யுங்கள். ஐப்பசி மழையும் போயிருக்கும், இடவப்பாதிக்கு நாளும் இருக்கும்.

“ஷெட்டுலதான் நிக்கு, பின்ன எப்பிடி துரு?”

ஷெட்டில் நிற்பதாலும்தான். திறந்த வெளியில் நிற்கிற வண்டியின் கூரையையும் கதவையும் மழை கழுவிவிடும். ஷெட்டுக்குள்ளும் உப்புக்காற்று வரும், ஆனால் கழுவுவதற்கு மழை வராது. வண்டியின் அடிப்பகுதி எங்கே நின்றாலும் எப்போதும் ஷெட்டுக்குள் இருப்பது மாதிரிதான். கவர் போட்டு மூடினால் இன்னும் மோசம். காற்றோட்டமில்லாமல் ஈரம் உள்ளேயே சுற்றும். மணலிலோ புல்லிலோ நிறுத்தினால் இரவெல்லாம் அடியிலிருந்து ஈரம் ஏறும். சிமென்ட் தரை போடுங்கள், முடியாவிட்டால் ஜல்லியாவது விரியுங்கள்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்றும் பாருங்கள். கடற்கரை ஊர்களில் பல போர்வெல்களில் வருவதே உப்புத் தண்ணீர். முட்டத்தில் ஒரு வாடிக்கையாளர் வாரம் தவறாமல் வண்டிக்கு அடியில் தண்ணீர் அடித்தார், துரு அடங்கவில்லை. அந்த போர்வெல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. வாரம் ஒருமுறை அவர் உப்பை ஏற்றிக்கொண்டிருந்தார். கரிக்கிற தண்ணீர் என்றால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ, தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரோ கடைசிக் கழுவலுக்கு வையுங்கள். இல்லையென்றால் தக்கலை, மார்த்தாண்டம் என்று உள்ளே போகிற நாளில் வாட்டர் சர்வீஸ் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆற்றிலும் குளத்திலும் சானல் என்கிற பாசனக் கால்வாயிலும் வண்டியை இறக்கிக் கழுவாதீர்கள். ஆயில் கலந்த அந்தத் தண்ணீரில்தான் கீழ்க்கரையில் ஆட்கள் குளிக்கிறார்கள்.

பிரஷர் பம்பைவிட நிறையத் தண்ணீர் மெதுவாக ஓடுவது நல்லது. துப்பாக்கியைக் கிட்டக் கொண்டுபோனால் வீல் பேரிங்குக்குள்ளும் வயரிங் கப்ளருக்குள்ளும் தண்ணீர் ஏறும். சக்கர வளைவின் உள்விளிம்பில் மண் அப்பிக் கிடக்கும். அதை விரலால் தோண்டி எடுங்கள். கழுவியபின் 10 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் வீடு என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நாகர்கோவிலுக்குள் என்றால் மாதம் ஒருமுறை என்று என் ஆட்களுக்குச் சொல்கிறேன். கடற்கரை மணலில் வண்டி இறக்கினால் அன்றைக்கே கழுவவேண்டும்.

“உள்ள கார்பெட் ஈரமாவே இருக்கு, வாடையும் அடிக்கு”

இங்கே துரு மேலிருந்து கீழே வரும். ஈரம் முன்பக்கம் இடது காலடியில் இருந்து, ஏசி போடுகிற நாளில் கூடினால் ஏசி டிரெய்ன் குழாய் அடைத்திருக்கும். மழை நாளில் மட்டும் கூடினால் கதவு ரப்பரையும், முன்கண்ணாடிக்குக் கீழே இலை சேருகிற இடத்தையும் பாருங்கள். தரைத்தகட்டில் வட்டமான ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். அவை காய்ந்து சுருங்கினால் ரோட்டுத் தண்ணீர் அதன்வழி ஏறும். எதுவானாலும் கார்பெட்டையும் அதன் கீழுள்ள பஞ்சையும் முழுதாக வெளியே எடுத்து வெயிலில் போடாமல் தீராது. பஞ்சு உப்புத் தண்ணீரை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். மீன் வாங்கிப் பின்சீட்டுக்குக் கீழே வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் மூடியுள்ள வாளியில் வையுங்கள்.

“கதவுக்கு அடிவிளிம்புல பெயின்ட் கொப்பளிக்கு”

கதவுக்கு உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் உண்டு. மண் அடைத்திருக்கும். தீக்குச்சியால் குத்தித் திறந்தால் சில வண்டிகளில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டும். கதவுக்குக் கீழே படி போல நீளும் பெட்டிக்கும் இதே மாதிரி ஓட்டைகள் இருக்கும். கோட்டிங் அடிக்கிற பையன்கள் அவசரத்தில் இவற்றையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். வண்டியை எடுக்கும்முன் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

பெயின்ட் கொப்பளித்துவிட்டது என்றால் உள்ளிருந்து துளைத்து வந்திருக்கிறது. மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே திரும்ப வரும். அந்த அளவு தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கவேண்டும். வெல்டிங் முடிந்ததும் உள்பக்கம் கேவிட்டி மெழுகை நீளக் குழாய் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். வெல்டு சூட்டில் உள்ளேயிருந்த பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதை டிங்கர் சொல்லமாட்டார், நாம்தான் கேட்கவேண்டும்.

“ஜாக்கி வச்சா தகடு உள்ள போகுது”

வண்டியை ஓட்டாதீர்கள். ஜாக்கி வைக்கிற, கதவுக்குக் கீழே நீளும் அந்தப் பெட்டிதான் வண்டியின் உடலைத் தாங்குகிறது. மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பதும் அதுதான். கோட்டிங், கன்வர்ட்டர் எல்லாம் தாண்டிய நிலை. தகடு மாற்றி முழு வெல்டு வைக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஜாக்கி வைக்கிற இடத்தில் பேட்ச் மட்டும் ஒட்டித் தருகிறேன் என்கிறவரிடம் வேண்டாம். பெட்ரோல் டாங்க் கழற்றாமல் அதன் அருகே வெல்டு வைக்க யாரையும் விடாதீர்கள்.

“பிரேக் மிதிச்சா கால் கீழ போகுது”

இதற்கும் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டு வராமல், கட்டி இழுத்தோ ஏற்றியோ கொண்டுவாருங்கள். அடியில் ஓடும் இரும்பு பிரேக் பைப், கிளிப் பிடிக்கிற இடத்தில்தான் முதலில் அரிக்கும். கிளிப்புக்குள் மண்ணும் உப்பும் தங்கும், வெளியே தெரியாது. வருடம் ஒருமுறை கிளிப்பை நீக்கிப் பாருங்கள். துணியால் துடைத்தபின் குழிகுழியாக இருந்தால் பைப் மாற்றவேண்டும். மேலே பெயின்ட் அடித்து மறைக்கக்கூடாது. மாற்றும்போது கம்பெனி பைப்போ, நிக்கல் கலந்த செம்பு பிரேக் பைப்போ போடுங்கள். ஃபிரிட்ஜுக்குப் போடும் வெறும் செம்புக் குழாயை வளைத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது பிரேக்கின் அழுத்தத்தையும் வண்டியின் அதிர்வையும் தாங்க உண்டானது இல்லை.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரம் மட்டும் சூடேறினால், காலிப்பர் பின் துருவில் சிக்கியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து அதற்கென்று உள்ள கிரீஸ் போடவேண்டும்.

“சைலன்சர் சத்தம் கூடிப்போச்சு”

வீட்டிலிருந்து சர்ச், அங்கிருந்து மார்க்கெட் என்று சின்ன ஓட்டம் மட்டுமே ஓடுகிற வண்டியில் இது சீக்கிரம் வரும். எரிந்த புகையில் உள்ள நீராவி சைலன்சர் சூடேறும்முன் தண்ணீராகி உள்ளேயே நிற்கும். வெளியே உப்பு, உள்ளே தண்ணீர். வாரம் ஒருநாள் அரைமணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். சைலன்சர் சூட்டுக்கு மேலே சொன்ன அடிக்கோட்டிங்குகள் நிற்காது, அவற்றுக்குக் காசைப் போடாதீர்கள். சத்தத்தோடு வண்டிக்குள் புகை வாடையும் வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்கு வாருங்கள்.

“லைட் மங்குது, செல்ஃப் சில நேரம் எடுக்கல”

பேட்டரியை மாற்றும்முன், பேட்டரியிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகிற எர்த் வயர் நுனியைக் கழற்றிப் பாருங்கள். போல்ட்டுக்கு அடியில் துரு படர்ந்திருக்கும். உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். நல்ல பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியவர்கள் என் கண்முன்னே பலர்.

“பழைய வண்டி வாங்கப் போறேன், அடி புதுசு மாதிரி மின்னுது”

ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியின் அடி பளபளவென்று கருப்பாக இருந்தால் விற்பதற்காக அடித்ததாக இருக்கலாம். கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்பு என்றால் பிடிக்கும், பட்டி என்றால் நழுவும். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். அங்கே யாரும் கோட்டிங் அடித்து மறைப்பதில்லை.

மீன் லோடு வண்டிக்காரர்களுக்குத் தனியாக

தேங்காப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகங்களில் லோடு ஏற்றுகிற வண்டிகளுக்கு மேலே சொன்னதெல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் வரும். பலகைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஐஸ் தண்ணீர் இறங்கி, லீஃப் ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையில் புகுந்து, ஷேக்கிள் பின் வரை போகும். வளைவில் “டொக்” என்று சத்தம் கேட்டால் பட்டை ஒன்று முறிந்திருக்கலாம். லோடு ஏற்றாமல் கொண்டுவாருங்கள்.

கழிவு ஆயிலில் டீசல் கலந்து சேஸிஸுக்கு அடிக்கிற பழக்கம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. கொஞ்ச நாள் துருவைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இருக்கிறோம், ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. புஷ், பிரேக் ஹோஸ், இன்ஜின் மவுன்டிங் எல்லாம் ஊறி உப்பும். பிரேக் ஷூவில் பட்டால் வண்டி நிற்காது. மழையில் வழிகிற மிச்சம் கிணற்றடி மண்ணுக்குப் போகும். லானோலின் வகைக்கு விலை கூடுதல். ஆனாலும் ஸ்பிரிங் செட் ஒன்று மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தினம் லோடு இறக்கியதும் பலகையையும் சேஸிஸையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், வீட்டுக்கு வந்தபின் பார்க்கலாம் என்று தள்ளவேண்டாம். பலகையின் மூலையில் ஓட்டை போட்டுத் தண்ணீரைச் சும்மா கீழே விடாமல், அந்த ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டி, சேஸிஸில் படாமல் பின்பக்கம் தொங்கும் கேனுக்குள் இறக்குங்கள். கேனைக் கட்ட ஒரு ஆங்கிள் துண்டு வெல்டு வைத்தால் போதும். நிறைந்ததும் ரோட்டோரத்தில் கவிழ்க்காமல், அடுத்த நாள் துறைமுகத்துக்குப் போகும்போது அங்கேயே கொட்டிவிடுங்கள்.